விரிச்சியும் கிளிச் சீட்டும்

2010 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது சிராங்கூன் சாலையில் ‘மணி’ என்னும் கிளி சீட்டெடுத்துப் பெயர்பெற்றது. இறுதியாட்டத்தில் பிழைத்தது வேறு செய்தி. அதனைப் பழந்தமிழர் விரிச்சியின் எச்சமெனக் கொள்வது பொருந்தாது. கிளி, கேட்டவர்க்கென்றே சீட்டெடுக்கிறது. நப்பூதனாரின் முல்லைப்பாட்டிலோ, நெல்லும் முல்லைப்பூவும் தூவி நற்சொல்லுக்குக் காத்திருக்கும் முதுபெண்டிரை ஆயர்மகள் அறியாள். தாயைக் காணாது வாடும் கன்றைத் தேற்றுகிறாள், அவ்வளவே.

ஹோமரின் ஒடிசியிலும் இத்தகையதொரு காட்சி உண்டு. இரவெல்லாம் மாவரைத்துச் சோர்ந்த பணிப்பெண் தன் நோவு தாங்காது பகைவரைச் சபிக்கிறாள். கேட்ட ஒடிசியசு அதனை வெற்றிக்குறியாகக் கொண்டு மகிழ்கிறான். நம் தலைவி மகிழவில்லை. நற்சொல் வந்த பின்னும் அவள் கண்ணீர் நிற்கவில்லை. வகுப்பில் இப்பகுதியைக் ‘குறி கேட்டல்’ என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவோர் இந்தக் கண்ணீரைக் காண்பதேயில்லை. அவள் செவிக்கு நிறைவு தந்தது, பாட்டின் இறுதியில் எழும் தேர்க்குதிரைகளின் ஆரவாரமே.