ஹேமசந்திரரின் யோகசாத்திரமும் தாந்திரிக நெறியும்

சமண சமயத்தைப் பற்றி எழுதுவோர் அதன் கொல்லாமையையும் கடுந்தவத்தையும் விரித்துரைப்பர். மந்திரமும் யந்திரமும் தாந்திரிகத் தியானமும் அச்சமயத்தில் இடம்பெற்றமையைச் சிலரே எடுத்துரைப்பர். அவருள்ளும் பலர் அதனைச் சமயச் சிதைவென ஒதுக்கிவிடுவர். அம்முடிபு எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை ஆராய்தற்கு, 12ஆம் நூற்றாண்டிலே கூர்ச்சர நாட்டில் வாழ்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் இயற்றிய யோகசாத்திரம் தக்கதொரு நூலாகும்.

சாளுக்கிய மன்னன் குமாரபாலனின் வேண்டுகோளுக்கிணங்க எழுந்த இந்நூல் 12 பிரகாசங்களை உடையது. அவற்றுள் 7 முதல் 10 வரையுள்ளவை பிண்டஸ்தம், பதஸ்தம், ரூபஸ்தம், ரூபாதீதம் என்னும் நால்வகைத் தியானங்களைக் கூறுவன. இப்பெயர்கள் பழைய சமண ஆகமங்களுக்கு உரியன அல்ல. மாலினீவிசயோத்தரம் என்னும் சைவ தந்திரத்திற் காணப்படுவன. திகம்பர ஆசிரியராகிய சுபசந்திரரும் தம் ஞானார்ணவத்தில் இவற்றை விரித்துரைத்துள்ளார். ஆகவே, சமணர் பிற நெறியிலிருந்து கடன் கொண்டனர் என்பது தெளிவு. கொண்டதனை என் செய்தனர் என்பதே வினா.

பிண்டஸ்த தியானம் இதற்கு விடை தருகின்றது. பாற்கடலின் நடுவே பூத்த ஆயிரவிதழ்ப் பொற்றாமரையில், வெண்ணிறச் சிங்காதனத்தின்மீது தான் வீற்றிருப்பதாகச் சாதகன் முதலிற் பாவித்தல் வேண்டும். அடுத்து, உந்தியிலுள்ள பதினாறிதழ்த் தாமரையின் நடுவே விளங்கும் 'அர்ஹம்' என்னும் மந்திரத்தினின்று தீ எழுந்து, இதயத்திலே கவிழ்ந்திருக்கும் எட்டிதழ்த் தாமரையை எரிக்கின்றது. அவ்வெட்டிதழும் எண்வினைகளாம். பின்னர் முக்கோணத் தீமண்டலம் உடலையும் நீறாக்க, காற்று அந்நீற்றைச் சிதறடிக்க, அமுதமழை எஞ்சியதைக் கழுவுகின்றது. முடிவில் முழுமதிபோன்று தூயதாய், முற்றுமுணர்ந்ததாய் ஆன்மா விளங்குகின்றது.

சிவபூசையிற் செய்யப்படும் பூதசுத்தியை அறிந்தார்க்கு இம்முறை புதிதன்று. ஆங்கும் உடல் பாவனையால் எரிக்கப்பட்டு அமுதத்தால் நனைக்கப்படுகின்றது. ஆயினும் பயன் வேறு. சைவர்க்கு அது சிவனை வழிபடுதற்குத் தகுதி தருவது. வீடுபேற்றை அளிப்பது திருவருளே. சமணர்க்கோ அருள்புரியும் இறைவன் இலன். அருகன் எதனையும் வழங்கான். அவனைக் குறித்த மந்திரம் ஆன்மாவின் இயல்பான நிலையை நினைவூட்டுவதேயாம். வினை என்பது ஆன்மாவிற் படியும் நுண்பொருளென்பது சமணர் கொள்கையாதலின், அதனை எரித்தலாகிய பாவனை அக்கொள்கையோடு முற்றும் இயைகின்றது. இதனைச் சிதைவு என்றல் பொருந்தாது. வடிவம் பிறருடையது, கருத்துச் சமணருடையது.

எனினும், நூல் முழுவதும் இவ்வொழுங்கு காக்கப்பட்டதென்று கூறவியலாது. 5ஆம் பிரகாசம் மூச்சின் வகைகளையும் சாவுக்குறிகளையும் பிறருடல் புகுதலையும் மிக விரிவாகக் கூறுகின்றது. 6ஆம் பிரகாசமோ அவை வீட்டுநெறிக்கு உதவா என்கின்றது. இதனினும் வியப்புக்குரியது 8ஆம் பிரகாசத்திலுள்ளது. பிரணவத்தைத் தம்பனத்துக்கு மஞ்சள் நிறமாகவும், வசியத்துக்குச் செந்நிறமாகவும், வித்துவேடணத்துக்குக் கருநிறமாகவும், வினையழிவுக்கு மதிபோன்ற வெண்ணிறமாகவும் தியானிக்குமாறு ஒரே செய்யுள் பணிக்கின்றது. பகைமூட்டுதலும் வினையறுத்தலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. கொல்லாமையை முதற்கண் வைத்த நூலுக்கு இது இழுக்கேயாகும். தீய தியானங்களை விளையாட்டாகவேனும் பயிலற்க, அவை பயில்வோனையே அழிக்கும் என 9ஆம் பிரகாசம் எச்சரிக்கின்றது. ஆயினும் முன்னைய செய்யுள் நீக்கப்படவில்லை.

11ஆம் நூற்றாண்டிலே கன்னட நாட்டு மல்லிசேனர் யாத்த பைரவ பத்மாவதி கற்பத்தை இதனோடு ஒப்புநோக்குதல் நன்று. வசியம் முதலியவற்றை அந்நூல் வெளிப்படையாகவே கூறும். எனினும் அவை பார்சுவநாதரின் பரிவாரத் தேவியாகிய பத்மாவதியை வேண்டிப் பெறுவன. தீர்த்தங்கரர் அவற்றினின்று விலகியே நிற்கின்றார். உலகியற் பயனுக்கு ஒரு வாயிலும் வீடுபேற்றுக்கு மற்றொரு வாயிலுமாக ஆங்கு வகுக்கப்பட்டுள்ளது. ஹேமசந்திரரின் அச்செய்யுளில் இரண்டும் ஒரே வாயிலாகிவிட்டன.

ஆகவே, தாந்திரிக நெறி புகுந்தமை பற்றியே சமணம் தாழ்ந்ததென்றல் நேரிய திறனாய்வாகாது. புகுந்தனவெல்லாம் ஒருங்கே உயர்ந்தன என்றலும் அவ்வாறே. வினையை எரிக்கும் தீயையும் பகையை மூட்டும் கருநிறத்தையும் வேறுபிரித்துக் காண்பவர்க்கே இந்நூலின் பெருமையும் குறையும் ஒருங்கு புலனாகும்.