நுழைவுத் தடை: ‘இந்தியா’ இதழும் பின்வந்த சட்டமும்

பாரதியார் எழுதி நடத்திய ‘இந்தியா’ வார இதழ் நின்றுபோன செய்தியை இலக்கிய வரலாற்று நூலார் பெரும்பாலும் ஒரே வகையாகக் கூறுவர். அன்னியர் ஆட்சி இதழை அடக்கியது. நாடு விடுதலை பெற்றது. அடக்குமுறை ஒழிந்தது என்பது அவர்தம் வரிசை. மூன்றாவது கூற்றை நாம் உடன்படுதற்கில்லை.

1906இல் சென்னையில் தோன்றிய இவ்விதழுக்குச் சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவு பெற்றிருந்தவர் சீனிவாசன். 1908இல் அரசு வழக்குத் தொடுத்தபோது சிறை சென்றவரும் அவரே. எழுதியவர் ஒருவர், தண்டனை பெற்றவர் மற்றொருவர். (அச்சிடுவோர் பெயரையும் வெளியிடுவோர் பெயரையும் பதியச் செய்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் 2024 வரை நடைமுறையில் இருந்தது.) பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார், இதழும் அவ்வாண்டிலேயே அங்கிருந்து வெளிவரலாயிற்று. அங்கே அச்சிடுவதைத் தடுக்க ஆங்கில அரசுக்கு அதிகாரம் இல்லை. ஆகவே தன் எல்லைக்குள் இதழ் நுழைவதைத் தடுத்தது. புதுவையை அடுத்துக் கிடந்தது தென்னார்க்காடு மாவட்டம். அதன் மேற்கிலிருந்த சின்னசேலத்து வாசகர்க்குச் சென்னையினும் புதுவையே அண்மை. எனினும் இதழ் நேர்வழியில் அவர் கைக்கு எட்டாதாயிற்று. வாசகரை இழந்த இதழ் 1910இல் நின்றது.

நாற்பதாண்டுகள் கழித்து அதே கருவி மீண்டும் எடுக்கப்பட்டது. பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் சென்னை மாநிலத்துள் நுழைவதையும் பரவுவதையும் 1950 மார்ச்சில் மாநில அரசு தடைசெய்தது. இம்முறை தடுத்தது நம்மவர் அரசு. ஆயினும் இரண்டும் ஒன்றே என்பது மிகையாம். பாரதியார்க்கு இல்லாத ஒன்று தாப்பருக்கு இருந்தது. அஃது அரசியலமைப்பு தந்த உரிமை. பரப்பும் உரிமை இல்லையேல் வெளியிடும் உரிமைக்குப் பயனில்லை என்னும் கருத்துப்பட நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பால், அவ்வாண்டு மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தடையை நீக்கியது. மறு ஆண்டே முதல் திருத்தம் வந்தது. ‘பொது ஒழுங்கு’ என்னும் காரணம் சட்டத்துள் புகுந்தது. பாரதியார் வரலாறு எழுதுவோர் இத்தீர்ப்பையும் இத்திருத்தத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தல் வேண்டும்.

கருத்துப்படத்தைத் தமிழிதழில் வளர்த்தது ‘இந்தியா’ என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2025 பிப்ரவரியில், பிரதமரைப் பற்றிய கருத்துப்படம் ஒன்றன் பொருட்டு ‘விகடன்’ இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தளத்தைத் திறக்க ஆணையிட்டது. அப்படத்தைத் தற்காலிகமாக நீக்குதல் வேண்டும் என்பது நிபந்தனை.