மட்டைக்குள் ஒளிந்த மர்மம்

அலங்காநல்லூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில் எத்தனையோ பாக்கெட் நாவல்களைப் படித்து முடித்திருக்கிறேன். ஆனால் பெண்கள் விடுதிப் பள்ளி மர்மக்கதை என்றால், எனக்கு அகதா கிறிஸ்டியின் ‘கேட் அமங் த பிஜன்ஸ்’தான். வெளிவந்த ஆண்டு 1959.

அந்த நாவலில் வரும் மெடோபேங்க் பள்ளியில் ஓர் இரவு, விளையாட்டு ஆசிரியை சுட்டுக் கொல்லப்படுகிறார். பிறகு ஜூலியா என்ற மாணவி டென்னிஸ் மட்டையின் கைப்பிடியைக் கழற்றிப் பார்க்கிறாள்; உள்ளே ரத்தினக் கற்கள்! அழுது புலம்பாமல் நேரே துப்பறிவாளர் பொய்ரோவிடம் போய் நிற்கிறாள்.

மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம் என்றிருக்கும் இடத்தில் பயம் புகுவதுதான் இக்கதைகளின் ருசி. ராபின் ஸ்டீவன்ஸ் 2014-இல் தொடங்கிய நாவல் வரிசையில் துப்பறிபவர்களே இரண்டு மாணவிகள்தான்.

கவனித்துப் பார்க்கும் பெண்பிள்ளைதான் இங்கே கதாநாயகி. உங்கள் வீட்டு மகளுக்கும் இப்படி ஒரு புத்தகம் வாங்கிக் கொடுங்கள்.