ஒரு நாள் பரீட்சையும் ஈராண்டுப் படிப்பும்

முகவை என்னும் ராமநாதபுரம் ஜில்லாவிலே கமுதி வட்டத்து அபிராமத்தைப் போன்ற ஊர்களில், வானம் பார்த்த பூமியில் மிளகாய் பயிரிட்டு வாழும் குடும்பத்துப் பிள்ளை மேல்நிலை வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போது, எல்லோர்க்கும் பொதுவான பிளஸ் டூ தேர்வோடு, மருத்துவத்துக்கு நீட், ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ., திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் கியூட் எனப் பரீட்சைகள் வரிசையாக எதிர்நிற்கின்றன. இவற்றுள் எதற்கு உழைப்பது என்று தீர்மானிக்கும் முன், நுழைவுத் தேர்வு என்னும் முறையின் குணத்தையும் தோஷத்தையும் நடுநிலையோடு ஆராய்வது அவசியம்.

முதலில் குணம். வெவ்வேறு பாடத்திட்டங்களில் பயின்றோரை ஒரே அளவுகோலால் அளக்க அது உதவுகிறது. அன்றியும், மனப்பாடத்தால் மட்டும் வெல்ல முடியாதபடி கருத்துத் தெளிவைக் கேட்கிறது. தமிழ்நாட்டில் 1984-இல் தொழிற்கல்விக்கு ஏற்பட்ட நுழைவுத் தேர்வு, கிராமத்து மாணாக்கர்க்கு அநீதி என்னும் நியாயமான காரணத்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே நீக்கப்பட்டது. ஆயினும் அதன்பின், தனியார் பள்ளிகள் பலவும் பிளஸ் ஒன் பாடத்தைப் புறக்கணித்து, பிளஸ் டூ பாடத்தையே ஈராண்டும் உருப்போட வைத்து மதிப்பெண் குவித்தன என்பதையும், அவ்வாறு குவித்தவர்களில் பலர் கல்லூரியின் முதலாண்டிலேயே இடறினர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இனி தோஷம். நீட் தேர்வில் 180 வினாக்கள், 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூட்டி, தவறான விடைக்கு ஒன்று கழிப்பர். 2025-இல் வினாவொன்றுக்கு ஒரு நிமிஷமே கிடைத்தது. பள்ளி ஆய்வகத்தில் பியூரெட்டிலிருந்து அமிலத்தைத் துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் கணத்தைக் கண்டு நிறுத்தக் கற்றுக்கொண்ட நிதானத்துக்கு அந்த விடைத்தாளில் இடமில்லை. வட்டத்தைக் கறுப்பாக்கும் வேகமோ, பணம் கட்டிப் பயிற்சி பெறுவோர்க்கும், ஓராண்டு காத்திருந்து மறுமுறை எழுத வசதியுள்ளோர்க்குமே எளிதில் வசப்படுகிறது. ராமநாதபுரத்திலேயே 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிய பின்னும், பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைக்கு அதன் வாசல் அந்த ஒரு நாள் பரீட்சையால்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 2020-இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தேவைப்பட்டதே, அளவுகோல் எல்லோர்க்கும் சமமன்று என்பதற்குத் தக்க சாட்சி.

ஆகவே, ஈராண்டுப் படிப்பை அஸ்திவாரமாகவும் நுழைவுத் தேர்வைத் துணையாகவும் கொண்டு, இரண்டு மதிப்பெண்ணையும் சேர்த்தே இடம் வழங்குவதுதான் நேர்மை என்பது என் அபிப்பிராயம். ஜே.இ.இ. மெயின் ஆண்டுக்கு இருமுறை நடப்பதுபோல் நீட் தேர்வும் நடக்குமாயின், காய்ச்சலோ கலக்கமோ ஒரு வாழ்வைத் தீர்மானிக்காது. 2017-18-இல் வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீங்கியிருப்பது பிள்ளைகளின் பாரத்தைக் குறைப்பினும், நீட்டும் ஜே.இ.இ.யும் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் வினவுவதால், அதை முழுமையாகக் கற்பிக்கும் பொறுப்பு இனி ஆசிரியரின் மனச்சாட்சியையே சார்ந்தது.

முறை திருந்தும்வரை மாணாக்கர் செய்யத்தக்கது யாது? அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரிகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்பதை அறிந்து, பள்ளிப் பாடத்தை முதற்கடமையாகக் கொள்க. தன் நாட்டம் எதில் என்று தெளிந்தபின், அதற்குரிய ஒரு நுழைவுத் தேர்வை மட்டும் தேர்ந்து எழுதுக. அயலார் எழுதுகிறார்கள் என்பதற்காக எல்லாவற்றுக்கும் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை.