உழவு இயந்திரம் எழுந்து நிற்கும்போது: உருமாறும் பேரியந்திரங்களுக்கான இரு விதிநூல்கள்

மேசைப் பாத்திர ஆட்டம் என்பது, சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் கதைக்களத்தை விரித்துரைக்க, மற்றவர்கள் தத்தமக்கென அமைத்துக்கொண்ட மாந்தரின் இடத்தில் நின்று பேசியும் முடிவெடுத்தும், முயற்சி ஒவ்வொன்றும் கைகூடுமா கூடாதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் கதையாட்டமாகும். வாகனமாகவும் மனித உருவாகவும் மாறவல்ல பேரியந்திரங்களை மாந்தராகக் கொள்ளும் ஆட்டங்கள் இதில் ஒரு தனிக் கிளை. ரெனகேட் கேம் ஸ்டூடியோஸ் 2022இல் வெளியிட்ட ‘ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ பாத்திர ஆட்டமும், ஆர். டால்சோரியன் கேம்ஸ் 1994இல் வெளியிட்ட ‘மெக்டன் ஸீட்டா’வும் அக்கிளையைச் சேர்ந்தவை, இரண்டும் இங்கே ஒரே மாந்தரை அமைத்துப் பார்ப்பதன் வழியாக எடைபோடப்படுகின்றன.

அம்மாந்தருக்குத் தரவையன் என்று பெயர். அவன் நடமாடும் களம் பாப்பாமோட்டை. மன்னார் தீவுக்கு எதிரே பெருநிலத்தில், பூநகரிக்குச் செல்லும் ஏ32 நெடுஞ்சாலையில், திருக்கேதீஸ்வரத்தைக் கடந்து விடத்தல்தீவை நெருங்கும் வழியில் இவ்வூர் உள்ளது. ஒருபுறம் வயல், மறுபுறம் தரவையும் கண்டற்காடும், அதற்கப்பால் ஆழமற்ற கடல் என்று நிலம் சிறு தொலைவுக்குள் மாறிக்கொண்டே போகும் இக்கரை, உருமாறும் இயந்திரம் ஒன்றைச் சோதிக்க மிகப் பொருத்தமானது. காய்ந்த தரவையில் ஓடும் சக்கரம் மாரிகாலச் சேற்றில் புதையும், சேற்றில் நடக்கும் கால் நெடுஞ்சாலையில் சக்கரத்துக்கு ஈடாகாது. ஆகவே தரவையனின் மாற்றுரு, அதாவது அவன் மனித உருவில் இல்லாதபோது எடுக்கும் வாகன உரு, பெட்டி பூட்டிய நான்கு சக்கர உழவு இயந்திரம் எனக் கொள்ளப்பட்டது.

விதிகளுக்குள் நுழையுமுன் இவ்வகை மாந்தரின் பிறப்பை அறிந்துகொள்வது பயன்தரும், ஏனெனில் விதிநூல்களில் காணப்படும் குழப்பம் ஒன்று அங்கிருந்தே தொடங்குகிறது. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய ‘டயக்ளோன்’ பொம்மைகள், விரலளவு ஓட்டுநர் உள்ளே அமரக்கூடியவாறு சிறிதாக்கப்பட்ட வாகனங்கள். அதே நிறுவனத்தின் ‘மைக்ரோ சேஞ்ச்’ பொம்மைகளோ கைத்துப்பாக்கி, ஒலிநாடாக் கருவி முதலிய பொருள்களின் உண்மை அளவை ஒட்டியவை. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984இல் இவ்விரு வரிசைகளையும் ‘ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ என்னும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தபோது, பாரவண்டியாக மாறும் ஒப்டிமஸ் பிரைமும் கைத்துப்பாக்கியாக மாறும் மெகட்ரோனும் ஒத்த உயரத்தில் எதிரெதிரே நிற்க வேண்டியதாயிற்று. பாரவண்டியின் இரும்பு எங்கே, கைத்துப்பாக்கியின் இரும்பு எங்கே என்ற கேள்விக்குப் பொம்மைப் பெட்டியிடம் விடை இல்லை. எனினும் பாத்திர ஆட்டத்துக்கான வித்து அப்பெட்டியிலேயே இருந்தது: மாவல் காமிக்ஸின் பதிப்பாசிரியரான பொப் புடியான்ஸ்கி பெரும்பாலானவற்றை எழுதிய குணச்சித்திரக் குறிப்பும், வலிமை, அறிவு, வேகம், துணிவு முதலிய எட்டுப் பண்புகளை 1 முதல் 10 வரை அளந்து காட்டும் வரைபடமும் பெட்டியின் பின்புறம் அச்சிடப்பட்டிருந்தன; சிவப்புக் கண்ணாடித்தாளை மேலே வைத்தால்தான் அவ்வரைபடம் தெளியும். அந்த அட்டையை, மாந்தரின் ஆற்றல்களைப் பதிந்துவைக்கும் பாத்திரத் தாளின் முன்னோடி என்று தயங்காமல் சொல்லலாம்.

2022இன் விதிநூல் அந்த அட்டையின் நேர் வாரிசு. ‘எசென்ஸ்20’ எனப்படும் இதன் விதிமுறை, வலிமை, வேகம், அறிவு, பழகுதிறன் என்னும் நான்கு அடிப்படை ஆற்றல்களின் மேல் நிற்கிறது. ஒவ்வோர் ஆற்றலின் கீழும் திறன்கள் அடுக்கப்பட்டுள்ளன. முயற்சி ஒன்றைச் செய்யும்போது இருபது முகப் பகடையோடு அத்திறனுக்குரிய பகடையும் சேர்த்து உருட்டப்படும். திறன் வளர வளர அந்தத் துணைப்பகடை இரண்டு முகத்திலிருந்து நான்கு, ஆறு, எட்டு, பத்து என்று ஏறிப் பன்னிரண்டு முகம் வரை செல்லும். சூழல் சாதகமானால் துணைப்பகடை ஒரு படி ஏறும், பாதகமானால் ஒரு படி இறங்கும். மாந்தரை அமைக்கும் வழியும் நேரானது: இயந்திரத்தின் உடலமைப்பைத் தீர்மானிக்கும் தோற்றுவாய், சாரணன், அறிவியலாளன், போர்வீரன் போன்ற பணிநிலை, அவன் கடந்தகாலத்தின் தாக்கங்கள் என்ற மூன்றையும் தெரிந்தெடுத்துப் புள்ளிகளைப் பகிர்ந்தால் தாள் நிறைந்துவிடும். ஆட்டத்துக்குப் புதியவர்களும் ஒரே அமர்வில் இதைச் செய்து முடிக்கலாம் என்பது இந்நூலின் முதற்பெரும் சிறப்பு.

தரவையனை இந்நூலின்படி அமைக்கையில், அவன் யார் என்ற கேள்வி உடனே முன்வந்து நிற்கிறது. புள்ளிகளில் பெரும்பங்கு வலிமைக்குப் போகிறது. மிச்சத்தில், நெடுங்காலம் ஒரே கரையில் நின்று நிலத்தை அறிந்தவன் என்பதால், அறிவின் கீழ் வரும் பிழைத்தல் திறனுக்கும் விழிப்புக்கும் ஓரளவு ஒதுக்க வேண்டியிருக்கிறது. வேகத்துக்கு மிஞ்சுவது சொற்பமே. சோளகக் காற்றில் கரைக்குத் திரும்பமுடியாத வள்ளம் ஒன்றைக் கயிறு கட்டி இழுக்க முனைந்தால் எட்டுமுகப் பகடை உருளும். காலடியில் சேறு என்று ஆட்டநெறியாளர், அதாவது கதைக்களத்தை விரித்துரைப்பவர், தீர்ப்பளித்தால் அது ஆறுமுகப் பகடையாக இறங்கும். இவ்வளவு எளிதாக நிலத்தின் தன்மையைப் பகடைக்குள் கொண்டுவரும் விதிமுறைகள் மிகச் சில.

ஆனால் பெட்டி எங்கே போகிறது? உழவு இயந்திரம் எழுந்து நின்று கைகால் விரித்தபின், பின்னால் பூட்டியிருந்த பெட்டி என்னவாகும் என்பது, ஒப்டிமஸ் பிரைம் நாற்பது ஆண்டுகளாக விடை சொல்லாமல் தப்பிவரும் கேள்வி. 1984இன் இயங்குபடத் தொடரில் அவனுடைய பாரப்பெட்டி, உருமாறும் கணத்தில் காட்சியிலிருந்தே மறைந்துவிடும். தொலைக்காட்சியில் அது குறையாகத் தோன்றாது. மேசையிலோ, அந்தப் பெட்டிக்குள் விதைநெல் மூட்டையோ காயம்பட்டவரோ இருக்கும் என்பதால், அது கதையின் உயிர்நிலையான கேள்வியாகிறது. உருமாற்றத்தால் மாந்தர் பெறுவதை விரிவாகச் சொல்லும் 2022இன் நூல், அவன் இழப்பதைப் பற்றிப் போதிய அழுத்தம் தருவதில்லை. இதுவே அதன் பெருங்குறை. எந்த உருவிலும் எதையும் இழக்காத மாந்தன் உருமாற வேண்டிய தேவையே இல்லாதவன்.

‘மெக்டன் ஸீட்டா’ இந்தக் குறையை அடியோடு நீக்குகிறது, அதற்கு ஈடாகக் கடும் உழைப்பைக் கேட்கிறது. மைக் பொண்ட்ஸ்மித் 1984இல் தொடங்கிய மெக்டன் வரிசையின் வளர்ந்த பதிப்பான இந்நூலில், பேரியந்திரம் தானே சிந்திக்கும் உயிர் அன்று. உள்ளே அமர்ந்து செலுத்தும் ஓட்டுநர்தான் மாந்தர், இயந்திரம் அவருடைய கருவி. தலை, உடற்பகுதி, கை, கால் என்று உறுப்பு உறுப்பாகக் கட்டவேண்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் தாங்குதிறன் ஒன்றும், கருவிகளைப் பொருத்துவதற்கான இடஅளவு ஒன்றும் உண்டு. கவசம் கூடினால் எடை கூடும், எடை கூடினால் இயங்குதிறன் குறையும். 1995இல் வந்த ‘மெக்டன் ஸீட்டா ப்ளஸ்’ என்னும் துணைநூல் இக்கட்டமைப்பை மேலும் விரிக்கிறது. உருமாறும் ஆற்றல் அங்கே மொத்தச் செலவின் மேல் ஏறும் பெருக்கியாக வருவதால், இரண்டாவது உருவைக் கேட்பவர் முதல் உருவிலிருந்து எதையேனும் கழற்றித்தான் ஆகவேண்டும்.

தரவையனை இந்த வழியில் கட்டும்போது உழைப்புக்கேற்ற பலன் கிடைக்கிறது. கூட்டல் கழித்தல் நீண்டு, தாள்கள் பெருகி, பொறுமையற்றவர் எழுந்து போகக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் பெட்டி முதுகுக் கவசமாக மடிகிறதா, தனித்த உறுப்பாகக் கரையிலேயே நிற்கிறதா என்பதை முடிவு செய்யாமல் அடுத்த வரிக்குப் போகமுடியாது. முடிவு செய்த கணத்தில் மாந்தரின் கதை பாதி பிறந்துவிடுகிறது. பெட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குள் நடக்கும் தரவையனுக்கு, மீண்டு வரவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது.

இரு நூல்களும் வெளிப்படையாகச் சொல்லித்தராத கணக்கு ஒன்றை வடிவமைப்பவர் தாமே போட்டுப் பார்ப்பது நன்று. பெட்டியில்லாத நடுத்தர உழவு இயந்திரத்தின் எடை ஏறத்தாழ 2 டன் என்க. 70 கிலோ எடையும் 1.7 மீற்றர் உயரமும் உடைய மனிதரோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 29 மடங்கு. உருவமும் அடர்த்தியும் மாறாதிருக்க, எடை உயரத்தின் முப்படியாக வளர்வதால், எழுந்து நிற்கும் இயந்திரத்தின் உயரம் மனிதரைப்போல் மூன்று மடங்கு, அதாவது ஐந்து மீற்றரைச் சற்றே தாண்டும். ஒரு டன் எடையுள்ள பெட்டியையும் உடலுக்குள் மடித்துக்கொண்டால் எடை பாதியளவு கூடினாலும் உயரம் ஆறு மீற்றரைத் தொடுவதோடு நின்றுவிடும். கூடுதலாகக் கிடைப்பது முக்கால் மீற்றர் மட்டுமே. பாதத்தின் பரப்போ உயரத்தின் இருபடியாகவே வளரும். எனவே பெட்டியில்லாத தரவையனின் பாதம் மனிதப் பாதத்தைப்போல் மூன்று மடங்கும், பெட்டியோடு கூடியவனின் பாதம் மூன்றரை மடங்கும் அழுத்தத்தோடு நிலத்தில் பதியும். மனிதர் கணுக்கால் வரை புதையும் சேற்றில் அவன் எவ்வளவு ஆழம் இறங்குவான் என்பதை எண்ணிப் பார்த்தால், விடத்தல்தீவுப் பக்கத்துக் கண்டற் சேறு அவனுக்கு எதிரியைவிடப் பெரிய தடை என்பது விளங்கும். அகன்ற பாதம் ஒன்றை அவனுக்கு வரைந்து, அதற்கு விலையாக வேகத்தைக் குறைப்பதே நேர்மையான வடிவமைப்பு.

மன்னார் தீவின் தென்கரையில் 2020இல் இயங்கத் தொடங்கிய தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 சுழலிகளைக் கண்டவர்கள், அவற்றுள் ஒன்றே எழுந்து நடந்தால் என்ன என்று நினைக்காமல் இருக்கமுடியாது. சிறகுவட்டத்தின் விட்டம் 126 மீற்றர் கொண்ட அவ்வுரு, ஆட்டக்காரரின் மாந்தராக அமைவதற்கன்றி, கதைக்களத்தின் பெரும்பூதமாக ஆட்டநெறியாளரின் கையில் இருப்பதற்கே ஏற்றது.

பல இயந்திரங்கள் ஒன்றிணைந்து ஒரே பேருருவாகும் கூட்டுரு என்னும் கருத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ (2010) திரைப்படத்தின் இறுதியில் சிட்டி என்னும் இயந்திர மனிதனின் படிகள் ஒட்டிப் பிணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் நெடிய மனித உருவாகவும் மாறுவது அதுவே. பொம்மை வரிசையில் 1985இல் வந்த டெவாஸ்டேட்டர், ஆறு கட்டுமான வண்டிகள் சேர்ந்த உரு. மேசையில் இது கவர்ச்சியும் இடரும் ஒருங்கே உடையது. திரையில் சிட்டிகள் அனைத்துக்கும் ஒரே மனம். மேசையிலோ நால்வர் சேர்ந்த உடலுக்கு நான்கு மனங்கள் உண்டு. கையை ஆள்பவர் ஒன்று நினைக்க, காலை ஆள்பவர் வேறொன்று நினைப்பார். அந்த இழுபறியைக் கதையாக்கும் துணிவுள்ள குழுவுக்கே கூட்டுரு பரிந்துரைக்கத் தக்கது.

ஆயுதங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ‘மெக்டன் ஸீட்டா’வின் கருவிப் பட்டியலில் மிகப் பெரும்பகுதி சுடுகருவிகளும் ஏவுகணைகளுமே. 2009இல் முடிந்த போரைக் கண்டு, அதன்பின் கண்ணிவெடி அகற்றப்படுவதையும் கண்ட மன்னார் மாவட்டத்தில், விளையாட்டின் பெயரால் எறிகணையை மேசைமேல் வைப்பது எல்லோருக்கும் ஒரேபோல் இராது. எவை கதைக்குள் வரலாம், எவை வரவே கூடாது என்பதை ஆட்டம் தொடங்குமுன் அனைவரும் கலந்து பேசி வரையறுக்கும் வழக்கம் மேசைப் பாத்திர ஆட்டங்களில் இன்று பரவலாக உள்ளது. இக்கரையில் அதைத் தவிர்க்கவே கூடாது. விதிகளும் இதற்கு இடந்தருகின்றன. உறுப்பின் இடஅளவில் பீரங்கிக்குப் பதில் பாரந்தூக்கியும் நீரிறைக்கும் பம்பியும் ஒளிவிளக்கும் பொருத்தப்பட்ட தரவையன், வெள்ளத்திலும் புயலிலும் செய்வதற்கு வேலை நிறைய உடையவன். மீட்புப் பணியையே மையமாகக் கொண்ட ‘ரெஸ்க்யூ பொட்ஸ்’ என்னும் தொடர் ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் குடும்பத்திலேயே இருப்பதால், இது மூலக்கதைக்குப் புறம்பானதும் அன்று.

இரு நூல்களும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆட்டநெறியாளர் ஒருவர் படித்து, திறன்களின் பெயர்களைத் தமிழில் எழுதிய பாத்திரத் தாள்களை ஆயத்தம் செய்தால் மற்றவர்களுக்கு ஆங்கிலம் தடையாகாது. பன்முகப் பகடைகள் இல்லாதவிடத்து, 1 முதல் 20 வரை எண்ணிட்ட சீட்டுகளை ஒரு தகரப்பேணியில் இட்டுக் குலுக்கி எடுக்கலாம். எடுத்த சீட்டை அடுத்த முறைக்குமுன் மீண்டும் உள்ளே போட மறக்கக் கூடாது என்பதொன்றே நிபந்தனை.

தொடங்குவோர் 2022இன் ‘ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ்’ நூலையே தேர்ந்தெடுக்கலாம். மாந்தரை உயிரோடு பேசவைப்பதில் அதற்கு நிகரான எளிமை ‘மெக்டன் ஸீட்டா’வில் இல்லை. ஆனால் பாத்திரத் தாளின் வெற்றிடத்தில், ஒவ்வோர் உருவிலும் அம்மாந்தர் எதை இழக்கிறார், எந்த நிலத்தில் எந்த உரு தோற்கும், கழற்றிய பெட்டி எங்கே நிற்கும் என்ற மூன்றையும் ஆட்டம் தொடங்குமுன் எழுதிக்கொள்ளவேண்டும். கணக்கில் விருப்பமும் நீண்ட மாலைப்பொழுதும் உள்ள குழுவினர் ‘மெக்டன் ஸீட்டா’வை வாங்குவதால் ஏமாற்றமடையமாட்டார்கள்.