முந்நூறு மீட்டர் நியாயம்

நின்ற இடத்திலிருந்து பாய்ந்து, கால் மைலை, அதாவது 402 மீட்டரை, நேர்கோட்டில் யார் குறைந்த நொடிகளில் கடக்கிறார் என்பதே டிராக் ரேஸ். வளைவு கிடையாது. கிளட்சை விடும் நிதானமும் கியர் மாற்றும் பதமும்தான் அதன் கலை. பல்லடம், உடுமலை வட்டாரத்து ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயத்தை ரசிப்பவர்களுக்கு இந்த அழகு புதிதல்ல. அங்கும் 200, 300 மீட்டர் தூரம்தான், கடிகாரம்தான் நடுவர். மாட்டுக்குப் பல்லை வைத்துப் பிரிவு, பைக்குக்கு சிசியை வைத்துப் பிரிவு.

டிராக் ரேஸை உயிரைக் குடிக்கும் விளையாட்டு என்பார்கள். பொதுச் சாலையில் ஓட்டினால் அது உண்மை. அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஆனால் ஆபத்து பெரும்பாலும் இடத்திலும் விதியிலும் இருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடுத்த ரேக்ளா, தமிழ்நாட்டின் 2017 சட்டத்துக்குப் பின் விதிகளோடு திரும்பியது. 2023இல் அரசியல் சாசன அமர்வும் அச்சட்டத்தை ஏற்றது. சென்னைக்காரர்கள் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயக் களம் வரும் முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம் விட்டார்கள். திருப்பூர்க்காரர்களான நமக்குப் பக்கத்திலேயே, கோவை செட்டிப்பாளையத்தில், கார் பந்தய வீரர் கரிவரதன் பெயர் தாங்கிய களம் இருக்கிறது. பணக்காரர் பொழுதுபோக்கு என்ற வாதமும் நிற்காது: பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குபவரின் 150 சிசி வண்டிக்கும் இதில் ஒரு பிரிவு உண்டு. அவருக்கு எட்டாதது களத்தின் வாடகைதான். திருப்பூர் முதலாளிகளே, ஆண்டுக்குச் சில ஞாயிறுகள் அந்த வாடகையையும் ஆம்புலன்ஸ் செலவையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.