25 சதவீதத் தவறு

விபத்து வழக்கு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது, இழப்பீடு கட்டாத அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்ஸை நீதிமன்ற அமீனா ஜப்தி செய்யும் செய்திப் படம்தான். பஸ் நிலையத்தில் பயணிகள் பையும் குழந்தையுமாக இறங்கி நிற்பார்கள். தீர்ப்பான பணம் கைக்கு வரவில்லை என்பது அந்தப் படத்தில் தெரிகிறது. அந்தத் தொகை எப்படி நிர்ணயமானது, நிர்ணயமாகும்போதே எவ்வளவு கழிந்துபோனது என்பது தெரிவதில்லை. நம் இழப்பீட்டு முறையின் பலமும் கோளாறும் அங்கேதான் இருக்கின்றன.

பலத்தை முதலில் சொல்லிவிடலாம். ஒரு காலத்தில் ஒரே மாதிரி இரண்டு சாவுகளுக்கு இரண்டு தீர்ப்பாயங்கள் தொடர்பே இல்லாத இரண்டு தொகைகளைத் தந்தன. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுக்கு ஏற்ற பெருக்கெண்ணை அட்டவணையாகக் கொடுத்தது. 2017இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, எதிர்கால வருமான உயர்வுக்கு எவ்வளவு சேர்ப்பது என்பதையும் வரையறுத்தது. 38 வயதுக் கொத்தனார் ஒருவர் விபத்தில் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய். மனைவி, இரண்டு பிள்ளைகள், தாய் என நால்வர் அவரை நம்பியிருந்தார்கள். வருமானத்தோடு 40 சதவீதம் சேர்த்தால் 21,000. ஆண்டுக்கு 2,52,000. அவருடைய சொந்தச் செலவுக்கென நாலில் ஒரு பங்கு போனால் 1,89,000. அந்த வயதுக்கான பெருக்கெண் 15. ஆக 28,35,000 ரூபாய். ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை முதலியவை தனி. உயிருக்கு இது ஈடல்ல, ஆனால் கணக்கு வெளிப்படையானது. குடும்பமே ஒரு துண்டுத் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காயம்பட்டவர்கள் விஷயத்திலும் சட்டம் முதிர்ந்திருக்கிறது. மருத்துவர் எழுதித் தரும் ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாகக் கொள்ளக் கூடாது என்று 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இடது கையை இழந்த தச்சருக்குப் பிழைப்பே போய்விடும். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை போகாமலிருக்கலாம். 2014இல் சையத் சாதிக் வழக்கில், காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் மாத வருமானத்தைச் சம்பளச் சீட்டு கேட்காமலே 6,500 ரூபாய் என்று ஏற்றுக்கொண்டார்கள். தள்ளுவண்டிக்காரரிடம் சம்பளச் சீட்டு இருக்காது என்பதை ஒரு நீதிமன்றம் உணர்ந்தது சின்ன விஷயமில்லை.

இவ்வளவு துல்லியமும் ‘யார் தவறு?’ என்ற கேள்வி வந்ததும் கரைந்துவிடுகிறது.

இறந்தவர் அல்லது காயம்பட்டவர் பேரிலும் கவனக்குறைவு உண்டு என்று தீர்ப்பாயம் கருதினால், அந்தப் பங்கைத் தொகையிலிருந்து கழித்துவிடும். பங்குக்கு அட்டவணை கிடையாது. 10, 25, 50 என்று கைக்கு வந்த முழு எண்கள்தான். நம் கொத்தனார் பேரில் 25 சதவீதம் என்று ஒரு வரி எழுதினால் 7,08,750 ரூபாய் போய்விடுகிறது. வருமானத்தில் ஆயிரம் ரூபாய்க்கு அரை நாள் வாதம் நடக்கும் அறையில், ஏழு லட்சத்தை வெட்டும் எண்ணுக்கு ஒரு பத்தி காரணம்கூடச் சில சமயம் இருப்பதில்லை.

அந்த எண்ணுக்கு ஆதாரமாவது எது? காவல் நிலையத்தில் எழுதிய எப்.ஐ.ஆர்., சம்பவ இடத்து வரைபடம், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல். எப்.ஐ.ஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற தொடர் எல்லா விபத்துக்கும் ஒன்றுபோல் வரும். பதிவேடு இன்னும் ஆபத்தானது. நள்ளிரவில் மயக்கத்தில் கிடப்பவரைத் தூக்கி வந்தவர், அவரும் பார்க்காத விபத்தைப் பற்றி, “வண்டி ஸ்லிப் ஆகி விழுந்துட்டார் போல” என்கிறார். பணியிலிருக்கும் மருத்துவர் அதையே குறிக்கிறார். மூன்று ஆண்டு கழித்துக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியைத்தான் முதலில் எடுப்பார். மோதிய லாரியே இல்லை என்பது அவர் வாதம்.

உயர் நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் இதைத் திருத்த முயலவில்லை என்று சொல்ல முடியாது. மோதலுக்குப் பின் வண்டிகள் கிடந்த நிலையை மட்டும் வைத்து யார் மேல் தவறு என்று முடிவுகட்டக் கூடாது என்று 2013இல் ஜிஜு குருவிளா வழக்கில் தீர்ப்பு வந்தது. பைக்கில் மூன்று பேர் போனது சட்ட மீறலாக இருக்கலாம். பின்னாலிருந்து கார் மோதியதற்கு அது காரணமில்லாதபோது இழப்பீட்டில் வெட்டக் கூடாது என்று 2020இல் முகமது சித்திக் வழக்கில் சொன்னார்கள். இரண்டு வண்டி ஓட்டுநர்கள் மேலும் தவறு இருந்தால், பின்னால் அமர்ந்து வந்தவர் யாரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்பது 2015இன் கென்யே தீர்ப்பு. எல்லாம் நல்ல தீர்ப்புகள். ஆனால் கீழே நேருக்கு நேர் மோதல் என்றாலே பாதிக்குப் பாதி என்று பிரிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மேல்முறையீட்டுக்குப் போய் அதை நிமிர்த்தும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு?

இந்த நிச்சயமின்மைதான் சமரசப் பேச்சின் கைமுதல். மக்கள் நீதிமன்றத்தில் ஒரு நாளில் பல கோப்புகள் முடிகின்றன. நிறுவன அதிகாரி பட்டியலோடு உட்கார்ந்திருப்பார். “ஹெல்மெட் இல்லை, எதிர்த்திசையில் வந்திருக்கார்” என்று ஆரம்பித்து, உருட்டி ஒரு தொகை சொல்வார். வக்கீல் வெளியே வந்து, வழக்குப் போட்ட அம்மாவிடம், “கேஸ் நடத்தினா கூட வரலாம், ஆனா இன்னும் ரெண்டு மூணு வருஷம்” என்பார். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூன்று வருஷம் என்பது மிரட்டலாகத்தான் கேட்கும். சமரசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாட்சி கிடைக்காத வழக்கில், கையில் வரும் உறுதியான பணம் காகிதத்தில் இருக்கும் பெரிய தொகையைவிட மேல். ஆனால் அங்கே கையெழுத்திட்டால் மேல்முறையீடு கிடையாது. அத்தனை இறுதியான ஒப்பந்தம் உத்தேசத்தில் நடப்பதுதான் உறுத்துகிறது.

2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் இதைச் சரிசெய்திருக்க வேண்டியது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிரிவுகளின்படி, யார் தவறு என்று நிரூபிக்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் பெறலாம். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்தில் உள்ள மனு காலாவதியாகிவிடும். பழைய 140ஆம் பிரிவு சாவுக்கு 50,000 ரூபாய்தான் தந்தது. அற்பத் தொகை, ஆனால் அதை வாங்கிக்கொண்டே முழு வழக்கையும் நடத்தலாம், தீர்ப்பில் கழித்துக்கொள்வார்கள். புதிய சட்டம் தொகையைப் பத்து மடங்காக்கி, கதவைச் சாத்திவிட்டது. 28 லட்சம் வரவேண்டிய குடும்பம், துக்கம் ஆறாத நாட்களில் 5 லட்சத்துக்குத் தலையாட்டினால் கதை முடிந்தது. போதாக்குறைக்கு, 1994இல் நீக்கப்பட்ட காலக்கெடுவை ஆறு மாதம் என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். எலும்பு கூடி, ஊன்றுகோலை விடுவதற்குள் ஆறு மாதம் போய்விடும்.

தவறு என்ற கேள்வியையே தூக்கி எறிந்த நாடும் இருக்கிறது. நியூசிலாந்தில் 1974 முதல் விபத்துக் காயத்துக்கு வழக்கே போட முடியாது. தவறு யாருடையதானாலும் பொது நிதியிலிருந்து சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாதவருக்குச் சம்பளத்தில் 80 சதவீதமும் கிடைக்கும். பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டே இல்லாத, காப்பீடு இல்லாத வண்டிகள் ஏராளமாக ஓடும் இந்த நாட்டில் அதை அப்படியே நட்டால் பிடிக்காது. தவிர, தறிகெட்டு ஓட்டியவனிடம் யாரும் இழப்பீட்டுக் கணக்கே கேட்பதில்லை என்பது எனக்கு உவப்பாகவும் இல்லை. தவறைப் பற்றிய சண்டை இருக்கட்டும், அதைக் காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளட்டும். 5 லட்சத்தைப் பழைய 140ஆம் பிரிவு போல முன்பணமாக்க நாடாளுமன்றம் ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

அதற்கும் முன்னால், சட்டத்தைத் தொடாமலே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் தொகை சொல்லும் நிறுவனம், அதன் கணக்கைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். வயது, எடுத்துக்கொண்ட வருமானம், பெருக்கெண், கழித்த சதவீதம், அதற்கு எந்த ஆவணம் ஆதாரம் என்ற விவரங்கள் அதில் இருக்க வேண்டும். ஹெல்மெட் அணியாதது கால் முறிந்ததற்கு எப்படிக் காரணமாகும் என்று அந்த அம்மாவே அப்போது கேட்டுவிடுவார்.